பெரிய வெள்ளி, சேனல் ஏழு

இரண்டு மைக்கையும் விற்றது நான்தான்.
பீடோங் கடைத்தெருவில்
டயர் கடைக்கும் நாசி கண்டார் கடைக்கும் நடுவே
என் ரேடியோ கடை.
ஒரே பெட்டியில் வந்த ஜோடி.
ஒன்று லுத்தரன் கோயிலுக்கு,
ஒன்று பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பள்ளிவாசலுக்கு.
சேனல் மாற்றித் தர மறந்துபோனேன்.
தீபாவளிக்கு முந்தின வாரம், நம்புங்கள், தலைக்கு மேல் வேலை.

ஐந்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை.
இவர்கள் அழைக்கும் நேரத்தில்
அவர்கள் வீட்டில் சோறு தின்றார்கள்.

பெரிய வெள்ளிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்,
பக்திக்கு அல்ல, ஆம்ப்ளிஃபயர் சூடேறுகிறது என்று.
அதன் முதுகுக்கு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்துவிட்டுத்
தூணோரம் உட்கார்ந்தேன்.
வாசல் வழியே செம்பனை ஆலையின் புளித்த வாடை.
ஆர்கனுக்குக் கறுப்புத் துணி போர்த்தியிருந்தது.
எமிலி செல்வராணி எழுந்து,
வெறுங்குரலில், ஒரு சங்கீதம்.
தாவீது பாடியதாம்.
நடுவே ஒரு சொல் வரும்: சேலா.
அர்த்தம் கேட்டால் ஐயர் ஞானவரம் சிரிப்பார்.
"எபிரெயு அம்மா. நிறுத்து என்றிருக்கலாம்.
ஏறு என்றும் இருக்கலாம். யாருக்குத் தெரியும்?"
எல்லாவற்றையும் தமிழாக்கியவர்கள்
இதை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார்கள்,
பழைய ரேடியோவில் எதற்கென்று தெரியாத திருகை
நான் தொடாமல் விடுவதுபோல.

எமிலி அன்றைக்கு நிஜமாகவே நிறுத்தினாள்.
மைக்கை அணைத்துத் தலை குனிந்தாள்.
அலை காலியானது.
காலியான அலை சும்மா இருக்காது.
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு செருமல்.
பிறகு சிலுவைக்கு மேலிருந்த ஒலிபெருக்கியில்
"சத்து... டுவா..." என்று
பிலால் ரொஸ்லான்.

ஒரு பையன் சிரித்து, தொடையில் கிள்ளு வாங்கினான்.
மூன்றாம் பெஞ்சில் யாரோ கைப்பேசியைத் தூக்கினார்.
எனக்கு வயிறு கலங்கியது.
ராத்திரிக்குள் இது அலோர் ஸ்டார் போய்ச் சேரும்,
ஒருவர் புகார் எழுதுவார், ஒருவர் பதில் எழுதுவார்,
நடுவில் என் கடைப் பலகை தெரியும்.
ஒயரைப் பிடுங்க ஓடினேன்.
அதற்குள் பாங்கு தொடங்கிவிட்டது.

முதல் அடி நேராக.
இரண்டாவது, ஆலைப் புகைபோல வளைந்து ஏறி,
இறங்க மனமில்லாமல்.

எமிலி எனக்குக் கை காட்டினாள்: இரு.
ஏன் என்று அவளுக்கே இன்னும் தெரியவில்லை.
தான் விட்ட சுருதியிலிருந்து அரைக் கட்டை
இறங்கியிருந்தது அவர் குரல், அதுதான் காதில் விழுந்தது,
என்று மட்டும் பிறகு சொன்னாள்.
கைப்பேசி மெல்ல மடிக்கு வந்தது.
பாங்கு முடிந்ததும் மைக்கைப் போட்டு,
தானும் அரைக் கட்டை இறக்கி,
மீதிச் சங்கீதத்தைப் பாடினாள்.

மாலையே கோயில் மைக்கை மூன்றுக்கு மாற்றினேன்.
பில் போடவில்லை.

சனிக்கிழமை பேட்டரி வாங்க ரொஸ்லான் வந்தார்.
கடையில் ஒரு கேசட் ஓடிக்கொண்டிருந்தது,
பினாங்கில் லோரோங் கூலிட் சந்தையில் டப்பாவோடு வாங்கியது.
மேலே சதுரச் சதுரமாக எழுத்து.
முதலில் சர்க்யூட் படம் என்றே நினைத்தேன்.
உள்ளே வயதான ஒரு குரல், வாத்தியம் இல்லாமல்.
இருமுகிறது. விட்ட இடத்தை மறுபடி பிடிக்கிறது.
யார், எந்த ஜெப ஆலயம், எந்த வருடம், ஒன்றும் தெரியாது.
நாடா நலிந்த இடத்தில் மட்டும் ஒரு சொல்,
சேலா என்றுதான் என் காதுக்கு.

ரொஸ்லான் கல்லாவில் முழங்கை ஊன்றிக் கேட்டார்.
மொழி என்னவென்று கேட்கவில்லை.
"மூச்சைப் பார்," என்றார் மலாயில்.
"இந்த இடத்தில் நான் இரண்டாக உடைத்திருப்பேன்.
இந்த ஆள் உடைக்கவில்லை."
பின்னோக்கி ஓட்டிப் போட்டேன்.
உதடு அசையாமல் கூடவே மூச்சை இழுத்துப் பார்த்தார்,
பாதியில் தோற்று, தலையாட்டிக்கொண்டே போய்விட்டார்.

ஒன்பது வோல்ட் பேட்டரி, நான்கு.
காசு இன்னும் வரவில்லை.
எழுதி வைத்திருக்கிறேன்.